மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்

கடைசிச் சரிவில் மிஹோகோ விழுந்தாள்.
பெரிய விழுகையில்லை.
பனிச்சறுக்குக் கட்டை இடம் போக
முழங்கால் வலம் போனது, அவ்வளவுதான்.
உட்கார்ந்து சிரித்தாள்.
மூன்று மணிக்குள் அந்த முட்டி
அவித்த சேப்பங்கிழங்காக உப்பிவிட்டது.

வெந்நீரில் ஊறினால் போய்விடும் என்றார்
கட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்.
ஊற்றுக்கா பஞ்சம் அந்த ஊரில்,
சாக்கடையிலும் ஆவி.

முதல் விடுதியில் நீலத் திரை, சிவப்புத் திரை.
ஆண்கள் இங்கே, பெண்கள் அங்கே.
வழுக்கும் கல்லில் இவளைத் தனியாக எப்படி அனுப்ப?
என் பாடு இன்னும் மோசம்.
கண்ணாடியைக் கழற்றினால்
உலகம் எனக்குக் கரைத்த மாவு.
போட்டுக்கொண்டு போனால் ஆவி மூடிவிடும்.
போன வருடம் இப்படித்தான்
மரவாளி என்று நினைத்து
ஒருவர் தலையில் கைவைத்தேன்.
மன்னிப்புக் கேட்டது அவர்.

"சேர்ந்து குளிக்க இடம் உண்டா?"
மணமாகிப் பதினெட்டு வருடம்,
கேட்கும்போது காது சிவந்தது.
இரண்டாம் விடுதிப் பெண்
கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
முன்பு உண்டு, இப்போது நடுவில் சுவர் என்றாள்.
மூன்றாவதில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு தொட்டி.
ஒன்பது மணி வரை
இளஞ்ஜோடிகள் பெயர் எழுதிவிட்டிருந்தார்கள்.

பனி தள்ளும் வண்டி ஒன்று
எங்கள் நடையைப் பார்த்து நின்றது.
"முட்டியா?"
"முட்டி."
"ஏறுங்கள். சுரங்கப்பாதைக்கு அப்பால் ஒன்று இருக்கிறது.
நீர் பால் மாதிரி. யாருக்கும் யாரும் தெரியாது."
"எனக்கு எப்போதுமே தெரியாது" என்றேன்.
மிஹோகோ விலாவில் இடித்தாள்.

அங்கேயும் இரண்டு கதவுதான்.
ஆடை களையும் வரை பிரிவு,
நடுவில் மூங்கில் தட்டி.
தட்டி முடியும் இடத்தில்
இரண்டு படிக்கட்டும் ஒரே குளத்தில் இறங்கின.
கந்தக வாடை. எங்கும் வெள்ளை.
வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல்:
"மூன்று படி. மூன்றாவது உடைசல்."
கை நீட்டினேன், பாறை.
மறுபடி நீட்டினேன், தோள்.

நீருக்கடியில் அவள் முட்டியைத் தேடிப் பிடித்து
இரு கையாலும் பொத்திக்கொண்டேன்.
தலையில் பனி விழுந்தது, விழுந்த சத்தமில்லை.
"வேறு யாராவது?"
"எதிர்க்கரையில் ஒருவர். தலையில் துண்டு.
நம்மைப் பார்க்கக்கூடாதென்று மலையைப் பார்க்கிறார்."
"மலை தெரிகிறதா?"
"இல்லை."

வீட்டிலும் எங்களுக்கு ஒரே நீர்தான்.
அவள் எழுந்த தொட்டியில்
பத்து நிமிடம் கழித்து நான்.
வேலை, அலாரம், பள்ளிச் சீருடை, அடுத்தவர் முறை.
பதினெட்டு வருடமாக
அவள் விட்டுப்போன சூட்டில்தான்
குளித்து வந்திருக்கிறேன்.
இன்று நீரில் அவளும் இருந்தாள்.
இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
எதிர்க்கரைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.
சொல்லவில்லை.

மறுபடி இரண்டு கதவு.
கூடையில் துழாவினேன், கண்ணாடி இல்லை.
சட்டைக்குள், காலுறைக்குள், பெஞ்சுக்கு அடியில்,
யாருடையதோ ஒரு தொப்பிக்குள்.
"மிஹோகோ!" தட்டியைத் தட்டினேன்.
"வாசலில் கழற்றி என்னிடம் தந்தது யார்?"
தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு,
கூடவே அறிமுகமில்லாத இரண்டு பெண்களின் சிரிப்பு.

பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
வெளியே வந்தேன்.
விளக்கு ஒரு மஞ்சள் கறை.
அதனடியில், ஒரு காலில் பாரம் சாய்த்து,
கருநீலக் கறை.
"இந்தாங்க" என்று நீட்டினாள்.
"இருக்கட்டும்" என்றேன்.
அவள் கை என் முழங்கையில் ஏறியது.
"பஸ் வந்தால் சொல்."